ஓட்டு வீட்டுக்குச் சோலார் ஓடு போடலாமா?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் எங்களுக்குப் பழைய ஓட்டு வீடு. பின்கட்டில் சமையலறை மட்டும் கான்கிரீட் தளம், 350 சதுர அடி இருக்கும். மேற்குப் பக்கம் ஒழுகுகிறது, ஓட்டைப் பிரித்து மேய வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகன், "இங்க கூரை ஓடே கரண்ட் தருதும்மா, அதையே போட்டுடுங்க" என்கிறான். ஒரு கம்பெனிக்காரரும் வந்து அளந்துவிட்டுப் போனார். போடலாமா?

பதில்: மகன் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே பெரும்பாலான வீடுகளில் தார் பூசிய, அட்டை போன்ற வில்லைகள்தான் கூரை. இருபது, இருபத்தைந்து வருடத்தில் எப்படியும் உரித்துப் போட்டுப் புதிதாக மேய வேண்டும். அந்தச் செலவோடு இதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. உங்கள் ஓடு அப்படியா? உடைந்தால் ஆள் ஏறி அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இறங்கிவிடுவார். ஒழுகுவது ஒரு பக்கம்தான். அதற்காக முழுக் கூரையையும் மாற்றச் சொல்வது வியாபாரம்.

சோலார் ஓட்டில் எனக்குப் பிடிக்காதது இரண்டு. முதலாவது சூடு. வெயிலைக் கரண்டாக்கும் சிலிக்கான் செல் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தியை இழக்கும். ஸ்டாண்டில் நிற்கும் பேனலுக்கு அடியில் காற்று ஓடும். கூரையோடு ஒட்டிக் கிடக்கும் ஓட்டுக்கு அந்தக் காற்று குறைவு, நம் வெயிலைக் கேட்கவே வேண்டாம். இரண்டாவது, உதிரி. ஒவ்வொரு கம்பெனி ஓட்டுக்கும் அதற்கென்று ஓர் அளவு, கரண்ட் இணைப்புக்குத் தனி பின். அமெரிக்காவின் டௌ கெமிக்கல் போன்ற பெரிய நிறுவனமே 2016-ல் தன் சோலார் ஓட்டுத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பத்து வருடம் கழித்து ஒரு தேங்காய் விழுந்து ஓடு கீறினால் மாற்று ஓடு எங்கே கிடைக்கும் என்று அளந்தவரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். விலையையும் சதுர அடிக்கு இல்லாமல் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று சொல்லச் சொல்லுங்கள். அப்போதுதான் பேனலோடு ஒப்பிட முடியும்.

உங்களிடம்தான் சமையலறைத் தளம் இருக்கிறதே! சாதாரணப் பேனல் 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி போதும், 3 கிலோவாட் அங்கேயே அடங்கும். நாளுக்குச் சராசரி 12 யூனிட் கிடைக்கும், இரண்டு மாத பில் காலத்துக்கு 700 யூனிட் வரை. மத்திய அரசின் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவிலேயே செய்தவையாக இருந்தால்தான் அது வரும் என்பதால், பேனல் வாங்கும்போது அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

தோட்டத்தில் தென்னை இருக்குமே? ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே அதோடு கோத்திருக்கும் வரிசை முழுவதும் படுத்துவிடலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்று மணிக்குத் தளத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். நம் தென்கோடியில் சில மாதம் சூரியன் வடக்கே சாய்ந்து வரும், அதனால் ஆனி மாதத்தில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை பார்ப்பது நல்லது. அவ்வளவு பொறுக்க முடியாதென்றால், வடக்கிலும் தெற்கிலும் தளத்தை ஒட்டி நிற்கும் மரங்களை இப்போதே கணக்கில் எடுங்கள்.