சிவில் கேட்கும் மகளுக்கு சிவிலே கொடுங்கள்

சனிக்கிழமை மகளோடு வந்து, அவளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று நீங்கள் கேட்டபோது, "பயப்படாதீங்க சார், பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது.

அவள் சிவில் இன்ஜினியரிங் கேட்கிறாள். உங்கள் மைத்துனரோ, "பொண்ணு வெயில்ல நின்னு செங்கல் எண்ணப் போறாளா?" என்று சிரித்துவிட்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பிடிக்கச் சொல்கிறார். அதற்காக நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். வட்டி கட்டப்போவது நீங்கள், மைத்துனர் அல்ல.

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா? ஒரு மின்கோபுரம் வரைந்து, எந்தெந்தக் கம்பியை மெலிதாக்கினாலும் அது நிற்கும் என்று கேள்விக்குறி போட்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது: ஸ்ட்ரக்சுரல் ஆப்டிமைசேஷன், அதாவது கட்டமைப்பின் வலு கெடாமல் எடையைக் குறைக்கும் கலை.

அதில் எல்லோரும் கைபழகும் கணக்கு ஒன்று உண்டு. பத்தே உறுப்புகள், அதாவது கம்பிகள், கொண்ட டிரஸ் (truss, கம்பிகளை முக்கோணங்களாக இணைத்த சட்டகம்). ஒவ்வொன்றின் தடிமனுக்கும் 42 அளவுகளில் ஒன்று. உடையக்கூடாது, வரம்புக்கு மேல் தொய்யக்கூடாது, எடையும் குறைய வேண்டும். சேர்க்கைகள் சுமார் 17,000 லட்சம் கோடி! நொடிக்குப் பத்து லட்சம் சோதித்தாலும் 540 ஆண்டுகள் ஆகும். அதனால் எல்லாவற்றையும் பார்க்காமல், சாமர்த்தியமாகத் தேடுகிறார்கள். ஜெனடிக் அல்காரிதம் என்ற தேடல் முறை நல்ல டிசைன்களை ஜோடி சேர்த்து, அளவுகளைக் கலந்து, ஒன்றிரண்டைத் தற்செயலாக மாற்றி அடுத்த தலைமுறையை உண்டாக்கும். வரம்பு மீறுபவற்றுக்கு அபராதம். சிமுலேட்டட் அனீலிங் என்ற இன்னொரு முறை, காய்ச்சிய இரும்பை மெல்ல ஆறவிடுவது மாதிரி. ஆரம்பத்தில் மோசமான மாற்றத்தையும் சில சமயம் ஏற்கும், சூடு தணியத் தணியக் கறாராகிவிடும். கிடைத்ததுதான் ஆகச் சிறந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. அதை எடைபோடத்தான் இன்ஜினியர் வேண்டும்.

1992இல் ஜெனடிக் முறையை 160 உறுப்புள்ள மின்கோபுரத்தில் போட்டுக் காட்டியவர்கள் எஸ். ராஜீவும் சென்னை ஐஐடி பேராசிரியர் சி. எஸ். கிருஷ்ணமூர்த்தியும். வெளிநாட்டுச் சரக்கு என்று மைத்துனர் தள்ளிவிட முடியாது.

வழி இதுதான். பொதுக் கலந்தாய்வில் அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் சிவில். இரண்டாம் ஆண்டிலிருந்து பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி, மேட்ரிக்ஸ் முறைக் கணக்குகள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் அந்தப் பத்து உறுப்பு டிரஸ்ஸே. அப்புறம் முதுகலைப் பொறியியலுக்கான கேட் (GATE) தேர்வு எழுதி எம்.இ. ஸ்ட்ரக்சுரல், கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஒளிக்காமல் சொல்கிறேன்: வெறும் பி.இ.யோடு நின்றால் தொடக்கச் சம்பளம் குறைவுதான், இந்தத் துறைக்குள் நுழைவதும் கஷ்டம்.

வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டவேண்டும் என்றீர்கள். கட்டாதீர்கள். அடுத்த முறை மைத்துனரையும் கூட்டி வாருங்கள், அந்த நோட்டையும்.