ரத்தப் புற்றுநோய்: மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனைக்கு இப்போதே பணம் கட்டலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். 44 வயதான என் அண்ணனுக்கு ஏ.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய். மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனை செய்தால் சிகிச்சை பலிக்குமா என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது செய்யலாமா?

பதில்: அதற்காகக் கடன் வாங்காதீர்கள். குரோமோசோம் பரிசோதனை (கேரியோடைப்), குறிப்பிட்ட குரோமோசோம் மாற்றங்களை ஒளிரவைத்துத் தேடும் ஃபிஷ், மரபணுப் பிழைகளைத் தேடும் என்.ஜி.எஸ். ஆகியவைதான் முதலில் வேண்டும். எஃப்.எல்.டி.3 என்ற மரபணுவின் முடிவை மட்டும் சில நாட்களில் தரச் சொல்லுங்கள். பிழை இருந்தால் கீமோவின் 8ஆம் நாளில் மிடோஸ்டாரின் மாத்திரை சேர்க்க வேண்டியிருக்கும்.

மரபணுவில் பிழை இருப்பது வேறு, அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறு. இரண்டாவதை மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வின் அளவு காட்டும். அதை அளப்பதுதான் நீங்கள் கேட்ட மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனை. 2016இல் வெளியான எல்.எஸ்.சி.17 மதிப்பெண் 17 மரபணுக்களை அப்படி அளக்கிறது. மதிப்பெண் கூடினால் வழக்கமான கீமோவுக்கு நோய் அடங்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. உங்கள் அண்ணனுக்கு என்ன ஆகும் என்று அதனால் உறுதி சொல்ல முடியாது. 2022இன் ஐரோப்பிய வழிகாட்டுதலும் குரோமோசோம் மாற்றங்களையும் மரபணுப் பிழைகளையும் வைத்தே ஆபத்தைப் பிரிக்கிறது.

பெரும்பாலும் கோளாறு நடப்பது மாதிரி எடுக்கும்போதுதான். ஊசி முதலில் உறிஞ்சும் எலும்பு மஜ்ஜையே மூலக்கூறு பரிசோதனைக்கு (மரபணுவையும் ஆர்.என்.ஏ.வையும் பார்ப்பது) போக வேண்டும். அடுத்தடுத்து இழுப்பதில் ரத்தம் கலந்து புற்றுசெல்கள் நீர்த்துவிடும். மூலக்கூறு பரிசோதனைக்கு ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாய், கேரியோடைப்புக்குப் பச்சை மூடி ஹெப்பாரின் குழாய். மாற்றிப் போட்டால் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனையை ஹெப்பாரின் கெடுக்கும். தருமபுரியில் எடுத்து பெங்களூருக்கோ வேலூருக்கோ அனுப்புவதானால் சனிக்கிழமை வேண்டாம். கூரியர் அலுவலகத்தில் திங்கள்வரை கிடந்தால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும், கேரியோடைப்புக்கு வேண்டிய உயிருள்ள செல்களும் குறையும். மாதிரியை உறையவிடவும் கூடாது.

ஆர்.என்.ஏ. பரிசோதனைக்குச் செலவழிக்க வேண்டிய நேரம் பிறகு வரலாம். என்.பி.எம்.1 என்ற மரபணுவில் பிழை இருந்தால், இரண்டு சுற்று கீமோ முடிந்ததும் ரத்தத்தில் அதன் ஆர்.என்.ஏ. மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். மஜ்ஜை மாற்று சிகிச்சை பற்றி மருத்துவர் அப்போது பேசுவார்.

இதற்கிடையே உடன்பிறந்தவர்கள் எல்லோரும் மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஒவ்வொருவருக்கும் முழுதாகப் பொருந்த 25% வாய்ப்பு உண்டு. மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால், கொடையாளி தேடும் வாரங்கள் மிச்சமாகும்.