முதலில் குழாயை அடைத்துப் பாருங்கள், ஆம்ப் அப்புறம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் வைக்க ஆறரை அங்குல சப்-வூபர் (‘பேஸ்’ என்கிற கனத்த கீழ்ச் சுரங்களுக்கான) ஸ்பீக்கர் ஒன்றைத் தனியாக வாங்கி, உள்ளூர்த் தச்சரிடம் 20 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி என்று சொல்லிச் செய்திருக்கிறார். ஸ்பீக்கர் விற்ற கடைக்காரர் சும்மா ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொடுத்தாராம், 5 சென்டிமீட்டர் விட்டம், 10 சென்டிமீட்டர் நீளம். அதையும் ஓட்டை போட்டு மாட்டியாயிற்று. இப்போது எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘கும், கும்’. கடைக்காரரிடம் கேட்டால் ஆம்ப் (ஓசையைப் பெருக்கித் தரும் கருவி) பத்தாது என்று சொல்லி, 1000 வாட் என்று அட்டையில் அச்சடித்த ஒன்றைக் காட்டுகிறார். வாங்கலாமா, இல்லை பெட்டியில்தான் கோளாறா, புதுப் பெட்டி என்றால் எவ்வளவு சின்னதாகச் செய்யலாம், கடலோரத்தில் எந்தப் பலகை தாங்கும் என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள் தம்பி. ஸ்பீக்கரோடு வந்த தாளைப் படம் எடுத்து அனுப்பினீர்களே, அது ஒன்றே போதும், உங்கள் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று இங்கே உட்கார்ந்தே சொல்லிவிடலாம். (அந்தத் தாளைக் கேட்டு வாங்கியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பத்தில் எட்டுப் பேர் ‘பேஸ் நல்லா வருமா’ என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள், கடைக்காரரும் வரும் என்று சொல்லிவிடுகிறார்.)

உங்கள் தச்சர் 20 சென்டிமீட்டரை வெளி அளவாக எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை, பீரோவும் கட்டிலும் செய்கிறவருக்கு வெளி அளவுதான் கணக்கு. ஆனால் 18 மில்லிமீட்டர் பலகை இரண்டு பக்கமும் போனால் உள்ளே மிஞ்சுவது 16.4 சென்டிமீட்டர்தான். நீங்கள் நினைத்தது 20 × 20 × 20, அதாவது 8 லிட்டர். கையில் வந்தது 4.4 லிட்டர். அதில் ஸ்பீக்கரின் காந்தமும் அதைத் தாங்கும் கூடை மாதிரியான சட்டமும் அரை லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, 4 லிட்டருக்கும் கொஞ்சம் கீழே. பாதிப் பெட்டி பலகையிலேயே போய்விட்டது.

அதில் அந்த இலவசக் குழாய் வேறு. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் குழாய்க்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுருதியில் தானே ஊதும், காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சத்தம் வருகிற மாதிரி. உங்கள் குழாயின் நீளம், விட்டம், பெட்டியின் லிட்டர் மூன்றையும் கணக்குப் போட்டால் அந்தச் சுருதி 105 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் குறையக் குறையச் சுரம் கீழே போகும்.) சப்-வூபர் வேலையை ஆரம்பிக்க வேண்டிய இடமே அதற்குக் கீழேதான். அதனால்தான் பாட்டு மாறினாலும் ‘கும்’ மாறவில்லை. அந்தச் சுருதிக்குக் கீழே போனால் இன்னும் மோசம், காகிதக் கூம்பைப் பிடித்து நிறுத்தப் பெட்டியில் எதுவுமே இல்லை, அது பாட்டுக்கு முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும், காதுக்கு ஒன்றும் வராது. இதில் 1000 வாட் ஆம்ப்பைப் போட்டால் ‘கும்’ பெரிதாகும், ஸ்பீக்கர் சீக்கிரம் போய்ச் சேரும், நீங்கள் மறுபடி அதே கடைக்குப் போவீர்கள். எனக்கென்னவோ கடைக்காரரின் கணக்கு அதுதான் என்று தோன்றுகிறது.

இன்றைக்கே செய்து பார்க்கக் கூடியது ஒன்று. ஒரு பழைய துண்டை இறுக்கமாகச் சுருட்டிக் குழாய்க்குள் திணியுங்கள். காற்று வரவே கூடாது. இப்போது அதே பாட்டைப் போடுங்கள். சத்தம் கொஞ்சம் குறைந்து, பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தால் உங்கள் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். அந்த ஓசை உங்களுக்குப் போதும் என்றால் குழாயைக் கழற்றிவிட்டு ஒரு வட்டப் பலகையை வெட்டி ஒட்டி, சுற்றி எம்-சீல் வைத்து முடித்துவிடலாம், புதுப் பெட்டியே வேண்டாம். காசு மிச்சம்.

போதாது என்றால் மேலே படியுங்கள்.

காற்றை அடைத்துவைத்த பெட்டியில் உள்ளே இருக்கும் காற்றே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். புதுசு ஒன்றுமில்லை, 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் இந்த வழியில்தான் சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் கொண்டுவந்து காட்டினார். பெட்டி சின்னதாகச் சின்னதாக அந்த ஸ்பிரிங் விறைப்பாகும், விறைக்க விறைக்கக் கீழ்ச் சுரங்கள் போய் நடுவில் ஒரு மேடு வரும், அதாவது அந்த இடத்துச் சுரங்கள் மட்டும் தூக்கலாகக் கேட்கும். உங்கள் தாளில் உள்ள மூன்று எண்கள்தான் முக்கியம்: எஃப்எஸ் 40 (பெட்டி இல்லாமல் ஸ்பீக்கர் தானே அதிரும் சுருதி, ஹெர்ட்ஸில்), க்யூடிஎஸ் 0.40 (அந்த அதிர்வு எவ்வளவு அடங்கி நிற்கும் என்ற எண்), வாஸ் 15 லிட்டர் (கூம்பைப் பிடித்திருக்கும் பிடிப்பின் விறைப்புக்குச் சமமான காற்று). மற்றதை விடுங்கள். இதை வைத்துப் பார்த்தால் உள்ளே நிகரமாக 7 லிட்டர் இருந்தால் ஓசை மேடு பள்ளம் இல்லாமல் 70 ஹெர்ட்ஸ் வரை வந்து, அதற்குக் கீழே மெதுவாகச் சரியும். இப்போதுள்ள 4 லிட்டரை அடைத்தால் அடைத்த பெட்டியில் ஸ்பீக்கர் தானே அதிரும் சுருதி 70-லிருந்து 88 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அதோடு சின்ன மேடு. இதுதான் வித்தியாசம். 7-ஐ 14 ஆக்கினால் இன்னும் கொஞ்சம் கீழே போகும்தான், ஆனால் மேசைக்கு அடியில் கால் நீட்ட இடம் இருக்காது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், அது இந்த அளவுப் பெட்டியில் முழு பலத்தோடு வராது. பெட்டி சின்னது, பேஸ் ஆழம், சத்தமும் பெரிசு என்று மூன்றையும் சேர்த்துத் தருவதாக எவராவது சொன்னால் பர்ஸை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

‘கம்பெனிப் பெட்டியில் எல்லாம் குழாய் இருக்கிறதே’ என்பீர்கள். எல்லாரும் கேட்பார்கள், தச்சர் கேட்பார், கடைக்காரர் இன்னும் சத்தமாகக் கேட்பார். சரி, கணக்கைச் சொல்கிறேன். 7 லிட்டர் பெட்டி 40 ஹெர்ட்ஸில் ஊத வேண்டுமென்றால், 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் கிட்டத்தட்ட 49 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். புதுப் பெட்டியின் உள்ளளவே 20 சென்டிமீட்டர்தான். எங்கே வைப்பது? மடித்து வளைத்து வைத்தால் குழாயே ஒரு லிட்டருக்கு மேல் தின்றுவிடும், அப்புறம் பெட்டியைப் பெரிதாக்கணும், கணக்கு மறுபடி மாறும். குழாயை இரண்டரை சென்டிமீட்டராகச் சிறுத்தால் நீளம் 11 சென்டிமீட்டரில் முடிந்துவிடும், ஆனால் அவ்வளவு சின்ன ஓட்டையில் காற்று ‘புஸ் புஸ்’ என்று இரைக்கும், பாட்டைவிட அதுதான் கேட்கும். கம்பெனிக்காரன் என்ன செய்கிறான் என்றால், குழாயை அச்சில் வார்த்து வளைத்து, அந்தக் குழாய்க்கும் பெட்டிக்கும் பொருந்துகிற மாதிரி ஆம்ப்பிலேயே கீழ்ச் சுரங்களைக் கொஞ்சம் தூக்கி, ஒரு எல்லைக்குக் கீழே வெட்டியும் விடுகிறான். உங்கள் ஆம்ப் போர்டில் அந்தக் கீழ் வெட்டு இல்லை. இருந்து, நீங்களும் அரை மீட்டர் குழாயை வளைத்து அடைக்கத் தயார் என்றால் தாராளமாகக் குழாய் வையுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் கையில் கிடைத்த குழாயைக் கிடைத்த நீளத்துக்கு வைப்பதற்கு, வைக்காமல் இருப்பதே நல்லது. இலவசமாகக் கொடுத்தார் என்பதற்காக வாசலுக்கு அளவு பார்க்காமல் கதவு மாட்டுவோமா?

இனி பலகை. இங்கேதான் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். சென்னையில் வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் எம்டிஎஃப்தான் சிறந்தது என்பார்கள், அங்கே ஏசி அறையில் அது சரி. மண்டபத்தில் ஓர் ஐப்பசி கார்த்திகை போனால் விளிம்பு ரஸ்க் மாதிரி ஊதிவிடும், திருகு பிடிக்காது. 18 மில்லிமீட்டர் மரைன் பிளை எடுங்கள், ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் போட்டது. 303 என்று போட்டிருந்தால் அது பொதுப் பயன்பாட்டுப் பிளை, கடலோரத்துக்கு நான் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணைப் பார்த்தும் ஏமாறலாம். எனக்கே நடந்தது. ஒரு கடையில் 710 முத்திரை பளிச்சென்று இருந்த பலகையைச் சந்தேகப்பட்டு, ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்து பழைய அலுமினியச் சட்டியில் போட்டு அடுப்பில் வேகவைத்தேன். நிஜமான 710 பலகை 72 மணி நேரம் கொதித்தாலும் பிரியக் கூடாது என்பது விதி. இது நான்காவது மணி நேரத்தில் மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி ஏடு ஏடாக விரிந்தது, தண்ணீர் கடுங்காப்பி நிறம், வீடு முழுக்கப் பசை நாற்றம். திருப்பிக் கொண்டுபோனால் ‘நீங்க ஏன் சார் வேகவைச்சீங்க’ என்கிறார். முத்திரை குத்த ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும், குத்தினவனை எவன் கேட்கிறான்? ஆம்ப் அட்டையில் 1000 வாட் என்று போடுகிறவனையும் எவனும் கேட்பதில்லை. அந்த ஆம்ப்புக்கு 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் கொடுப்பார்கள். 12-ஐயும் 5-ஐயும் பெருக்குங்கள், 60. உள்ளே போவதே 60 வாட், வெளியே 1000 எங்கிருந்து வரும்? பள்ளிக்கூடப் பையன் போடுகிற பெருக்கல், விற்பனைக்கு அனுமதிக்கிறவர்களுக்குத் தெரியாதா என்ன.

அதனால் பர்னிச்சர் தச்சரை விட்டுவிட்டு, படகு வேலை பார்க்கிற தச்சரைப் பிடியுங்கள். உங்கள் ஊரிலும் பாம்பனிலும் அதற்கா பஞ்சம். எந்தப் பலகை தண்ணீர் தாங்கும் என்பது அவருக்குக் கைப்பாடம், தாங்காவிட்டால் அவர் செய்த படகு திரும்பி வராது. இன்னொன்று, முழுப் பலகை வாங்கச் சொல்வார்கள், வாங்காதீர்கள். உங்கள் பெட்டிக்கு வேண்டியது மூன்று சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். எட்டுக்கு நாலு பலகை 32 சதுர அடி. மிச்சம் 29 அடி யார் வீட்டு அலமாரியாகப் போகும் என்று யோசியுங்கள். படகு வேலை நடக்கும் இடத்தில் வெட்டுத் துண்டே இந்த அளவில் கிடைக்கும்.

தச்சரிடம் லிட்டர், ஹெர்ட்ஸ் எல்லாம் பேச வேண்டாம். ஆறு துண்டு என்று எழுதிக் கொடுங்கள்: 23.6-க்கு 23.6 சென்டிமீட்டர் இரண்டு, 23.6-க்கு 20 இரண்டு, 20-க்கு 20 இரண்டு. இந்த அளவுக்கு வெட்டினால் உள்ளே 20 தானாக வந்துவிடும், வெளி அளவு உள்ளளவு குழப்பமே வராது. பலகை 18 மில்லிமீட்டர்தானா என்று அளந்து பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள், 16-ஐ 18 என்று கொடுப்பதும் உண்டு. ஸ்பீக்கர் ஓட்டையின் விட்டம் தாளில் இருக்கும். சந்தேகமாக இருந்தால் பெட்டி வந்ததும் ஓட்டை வழியாக லிட்டர் அளவையில் அரிசி கொட்டி அளந்து பாருங்கள், எட்டு லிட்டர் பிடிக்க வேண்டும், ஸ்பீக்கர் பிடிக்கும் இடம் போக 7-க்குக் குறையாமல் மிஞ்சும். கடற்கரை மணலில் அளக்காதீர்கள், உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

சதுரமாகத்தான் இருக்க வேண்டுமா, நீளம் அகலம் உயரம் மூன்றும் ‘தங்க விகிதம்’ என்ற ஒரு கணக்கில் இருக்க வேண்டும் என்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு: சப்-வூபருக்கு அது வேண்டாம். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நாலு மீட்டருக்கு மேல், உங்கள் பெட்டியின் மூலைகள் அதற்குத் தெரியவே தெரியாது. லிட்டர் சரியாக இருந்தால் எந்த வடிவமும் சரி.

ஒட்டி முடித்ததும் உள்பக்கம் முழுக்க, முக்கியமாக விளிம்புகளில், பைபர் படகுக்குப் பூசுகிற ரெசினை ஒரு பூச்சு அடியுங்கள். பைபர் வேலை செய்கிறவரிடம் கேட்டால் அடிச்சட்டியில் மிஞ்சியதையே கொடுப்பார். காற்றுக் கசிவும் போகும், உப்பு ஈரமும் ஏறாது. நாற்றம் முழுக்கப் போகும்வரை, நாலைந்து நாள், ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், அந்த ஆவி ஸ்பீக்கரின் விளிம்புப் பசையை இளக்கிவிடலாம். திருகு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்பு தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025-இல் புதுப் பாலம் திறக்க வேண்டியதாகிவிட்டது, சாதா இரும்புத் திருகு எம்மாத்திரம்.

ஸ்பீக்கர் உட்காரும் இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி வையுங்கள். உள்ளே தலையணைக்கு வைக்கும் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பலாம், பெட்டி பத்து சதவீதம் பெரிதான மாதிரி நடந்துகொள்ளும். இலவம்பஞ்சு வேண்டாம், ஈரம் குடித்துக் கட்டியாகிவிடும். மூடியதும் கூம்பை விரல்களால் எல்லாப் பக்கமும் சமமாக மெல்ல அழுத்தி விடுங்கள். அது நிதானமாகத் திரும்பி வந்தால் கசிவு இல்லை, டக்கென்று வந்தால் எங்கோ ஓட்டை. ஊதுபத்தியை ஏற்றி மூட்டு மூட்டாகக் காட்டினால் புகை ஆடுகிற இடம் தெரியும்.

ஆம்ப்பைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். ஆம்ப்பில் மேல் வெட்டு எண் (இதற்கு மேலுள்ள சுரங்களைச் சப்-வூபருக்கு விடாமல் நிறுத்தும் இடம்) 80-க்கும் 100 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் இருக்கட்டும், பெட்டி சுவர் மூலைக்கு அருகே, அடியில் நாலு ரப்பர் கால்.

இதெல்லாம் செய்த பிறகும் ‘கும்’ மிச்சமிருந்தால், மறுபடி எனக்கு எழுதுவதற்கு முன்னால் அறையில் இருக்கும் இரும்பு பீரோவின் கதவை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டைக் கேளுங்கள். போன மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் மூன்று நாள் தேடி, கடைசியில் பீரோ மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கி வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.