சண்டை நடக்கும்போது நிவாரணப் பொருட்கள் உள்ளே போவது எப்படி?

வீதி மூடினால் கடல்தான் வழி. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டதும் யாழ்ப்பாணத்துக்கு அரிசி, மா, சீனி எல்லாம் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்தும் கப்பலேறிப் போயின. ஆனால் கப்பல் மட்டும் போதாது. சண்டை பிடிக்கும் இரு தரப்பும் ‘சரி, சுடமாட்டோம்’ என்று நடுநிலையான ஒருவரிடம் உறுதி சொல்ல வேண்டும். 2009இல் அந்த வேலையைச் செஞ்சிலுவைச் சங்கம் செய்தது. சண்டைக்குள் மக்கள் சிக்கியிருந்த முல்லைத்தீவுக் கரையோரப் புதுமாத்தளனில் இறங்குதுறை கிடையாது. கப்பல் தள்ளி நிற்க, சிறு படகுகள்தான் மூட்டைகளைக் கரைசேர்த்தன. திரும்பும்போது காயப்பட்டவர்களை ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். மே மாதக் கடைசிக் கட்டத்தில் சண்டை உக்கிரமாகி, பொருட்களோடு போன கப்பல் கரையை நெருங்கவே முடியவில்லை.

அப்புறம், ஆட்கள். மூதூரில் 2006இல் 17 தொண்டு நிறுவன ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு லொறியோடு யார் துணிந்து போவார்?