எந்தப் பரு என்று முதலில் சொல்லுங்கள்

காட்பாடியில் பல வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். "பருவுக்கு ஒரு கிரீம்" என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டேன். பேச்சில் எல்லாவற்றையும் பரு என்றுதான் சொல்கிறோம், மருந்து ஒன்றில்லை. வந்த கேள்விகளில் சில:

அண்ணா, மூக்கு மேல கறுப்பு கறுப்பா இருக்கு. தினமும் ஸ்க்ரப் போட்டுத் தேய்க்கிறேன், போகலை. (கல்லூரி மாணவி, காட்பாடி)

அது அழுக்கு இல்லைம்மா, தேய்த்தால் போக. முடித்துளைக்குள் எண்ணெய்ப் பசையும் செத்த செல்லும் சேர்ந்து அடைத்திருக்கிறது. துளையின் வாய் திறந்திருந்தால் அடைப்பில் உள்ள மெலனின் காற்றுப்பட்டுக் கறுக்கும், அது கரும்புள்ளி. மூடியிருந்தால் வெண்புள்ளி. ஸ்க்ரப்பை விடுங்கள். சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷ் போதும். அடங்கவில்லை என்றால் டாக்டர் அடாபலீன் ஜெல் எழுதுவார். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்.

பையன் பத்தாவது. முகமெல்லாம் சிவந்து, சில பரு சீழ் வெச்சிருக்கு. பிரியாணியாலயா சார்? (குடியாத்தம்)

ஆம்பூர் பிரியாணி மேல் பழி போடாதீர்கள். சர்க்கரையை வேகமாக ஏற்றும் பண்டங்களுக்கும் பாலுக்கும் கொஞ்சம் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்தக் கணக்கில் மக்கன் பேடா மாதிரி இனிப்பைத்தான் குறைக்க வேண்டும். முக்கியக் காரணம் வயசு: ஹார்மோன் ஏறி எண்ணெய் அதிகம் சுரக்க, அடைத்த துளையில் பாக்டீரியா பெருகி வீங்குகிறது. பென்சாயில் பெராக்சைடு 2.5% ஜெல்லில் தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: ஜெல் பட்டால் துணி வெளுக்கும். உங்கள் ஊர் லுங்கியால் முகம் துடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கிள்ளவும் கூடாது.

கல்யாணத்துக்கு வெள்ளையாகணும்னு தோழி சொன்ன டியூபை ரெண்டு மாசமா போடுறேன். இப்போ ஒரே மாதிரி சின்னச் சின்னப் பரு. (ஆற்காடு)

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு எரிச்சல் வரும், உங்கள் மேல் இல்லை. டியூபைத் திருப்பி, மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் முகம் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலிந்து, சின்ன ரத்தக் குழாய்கள் தெரிந்து, ஒரே அளவில் பரு கிளம்பும். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது, ஆனாலும் விற்கிறார்கள். சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியலாம், அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதையே போடுவார்கள். டியூபோடு தோல் டாக்டரிடம் போங்கள், எப்படி விடுவது என்று அவர் சொல்வார். கல்யாணத் தேதியையும் சொல்லிவிடுங்கள்.

நெத்தியிலயும் முதுகிலயும் பொரிப் பொரியா இருக்கு, ஒரே அரிப்பு. பரு மாத்திரை போட்டும் கூடுது. (ராணிப்பேட்டை)

அரிப்புதான் துப்பு. சாதாரணப் பரு வலிக்கும், இவ்வளவு அரிக்காது. முடித்துளையில் வளரும் ஒருவகைப் பூஞ்சையாக இருக்கலாம். நம் ஊர்க் கத்திரி வெயிலில், வியர்த்த சட்டையோடு இருந்தால் இன்னும் கூடும். நீங்கள் போட்ட பரு மாத்திரை ஆன்டிபயாடிக் என்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். டாக்டர் பார்த்து உறுதி செய்தால் கீட்டோகோனசோல் மாதிரி மருந்து கொடுப்பார்.

வயசு 31. மாதவிலக்குக்கு முன்னாடி தாடையோரம் உள்ளுக்குள்ள கட்டியா வலிக்குது. (வேலூர்)

இதற்கு என் கடையில் மருந்து இல்லை. ஆழத்தில் வரும் கட்டி தழும்பு விடும், தள்ளிப்போடாதீர்கள். மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் ஐசோட்ரெட்டினோயின் என்ற பரு மாத்திரை எழுதினால், சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பம் கூடவே கூடாது, குழந்தையைப் பாதிக்கும். குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பரு மேல டூத்பேஸ்ட் வைக்கலாமா?

பல்லுக்கு வையுங்கள்.