நகராட்சி ‘இது என்.எச்.’ என்கிறது, என்.எச். ஆபீஸ் ‘பைபாஸ் மட்டும்தான் எங்களுடையது’ என்கிறது. ஊருக்குள் ஓடும் பழைய சாலையை யார்தான் பராமரிக்க வேண்டும்?

அந்தப் பகுதியைத் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கி அரசிதழில் அறிவிக்கை வரும்வரை, சட்டப்படி அது மத்திய அரசின் சாலைதான். பைபாஸைத் திறந்து வைத்ததால் மட்டும் பழைய சாலை நகராட்சிக்குப் போய்விடாது. ஆனால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு சட்டி தார்கூட வாங்க முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் திருவாரூர் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு மனு டைப் அடித்துக் கொடுப்பதும் உண்டு. மழை விட்ட கையோடு சாலை மனுக்கள் வர ஆரம்பித்துவிடும். பதில் வந்தால் அதை நகல் எடுக்கவும் என்னிடமே வருவார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் ஒரே சாலைக்கு வந்த மூன்று பதில்களை மேஜையில் பரப்பினார். இது தேசிய நெடுஞ்சாலை, நகராட்சிக் கட்டுப்பாட்டில் இல்லை என்றது ஒன்று. புறவழிச்சாலை பயன்பாட்டுக்கு வந்துவிட்டதால் இப்பகுதி தங்கள் பராமரிப்பில் இல்லை என்றது அடுத்தது. சாலை இன்னும் தங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை என்றது மாநில நெடுஞ்சாலைத் துறையிலிருந்து வந்த மூன்றாவது. “மூணுல எதுவும் பொய்யில்லையே தம்பி, அப்ப ரோடு யாருது?” என்று கேட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 4வது பிரிவு இந்தச் சாலைகள் மத்திய அரசுக்குச் சொந்தம் என்கிறது. பராமரிப்பும் அதன் பொறுப்பே என்கிறது 5வது பிரிவு. அதே பிரிவு, அந்த வேலையை மாநில அரசிடம் ஒப்படைக்கவும் இடம் தருகிறது. அதனால்தான் தமிழ்நாட்டில் என்.எச். என்று பெயர் இருந்தாலும் சில பகுதிகளைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையமும், சில பகுதிகளை மத்திய அரசின் பணத்தில் மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவும் பார்க்கின்றன. பட்டியலிலிருந்து ஒரு சாலையை எடுக்க வேண்டுமானால் 2வது பிரிவின்படி அறிவிக்கை வேண்டும். அறிவிக்கை வந்தாலும் சாலை வழக்கமாகப் போவது மாநில நெடுஞ்சாலைத் துறைக்குத்தான். நகராட்சி கடைசி வரிசையில்தான் நிற்கிறது.

சிக்கல் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான். மாநிலம் “சீர் செய்து கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம்” என்கிறது. மத்திய தரப்பிலும் ஒப்படைப்பதற்கு முன் ஒருமுறை மட்டும் மேம்படுத்திக் கொடுக்கும் நடைமுறை உண்டு. ஆனால் எந்த அகலத்துக்கு, எத்தனை கனத்துக்கு, வடிகால் சேர்த்தா சேர்க்காமலா என்று எஸ்டிமேட் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருக்கும். அதற்குள் இரண்டு மழைக்காலம் ஓடிவிடும். இந்த நேரத்தில் நகராட்சி மனமிரங்கி ஜல்லி கொட்டினால், தனக்குச் சொந்தமில்லாத சாலைக்கு ஏன் செலவு செய்தாய் என்று உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஆட்சேபணை எழுதிவிடுவார்கள். கமிஷனரோ பொறியாளரோ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நகராட்சியைத் திட்டுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

டெல்டாவில் இது மற்ற ஊர்களைவிட மோசமாகப் போவதற்குக் காரணம் தண்ணீர். சமதரை, களிமண், சாலைக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். தார் நின்று பிடிக்க வேண்டுமானால் மழைநீர் உடனே வடிய வேண்டும். ஆனால் சாலை மத்திய அரசுடையது, ஓரத்துச் சாக்கடை நகராட்சியுடையது, சாக்கடை போய் விழும் வாய்க்கால் நீர்வளத் துறையுடையது. விளக்குக் கம்பத்தில் பல்பு மாற்றுவது மறுபடி நகராட்சி. ஐப்பசி மழையில் கடைத்தெருவில் நின்று பார்த்தால் தெரியும். வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டியிருக்கும். அதனால் சாக்கடை எதிர்த்து வரும். வந்த தண்ணீர் சாலை ஓரத்தில் தேங்கி, முதலில் தார் விளிம்பைக் கடிக்கும். விளிம்பு உடைந்த இடத்தில் பஸ் சக்கரம் இறங்கினால் மறுநாள் அது முழங்கால் பள்ளம். அப்புறம் பள்ளத்துக்கு மட்டும் பேட்ச் ஒர்க் நடக்கும், சாக்கடையை யாரும் தொடமாட்டார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அடுக்கு மேல் அடுக்காகப் போட்டதில், எங்கள் தெருமுனையில் பாதி வீடுகளுக்கு வாசற்படி சாலைக்குக் கீழே போய்விட்டது. ஆகவே ‘சாலை யாருடையது’ என்ற கேள்விக்கு மட்டும் பதில் வாங்கினால் போதாது. வடிகால் யாருடையது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சாலையின் வகையை மாற்றுவது அவ்வளவு கஷ்டமா என்றால், எல்லா நேரத்திலும் இல்லை. 2016 டிசம்பரில், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017இல் ஊருக்குள் போகும் நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்றும் வேலை சுறுசுறுப்பாகத் தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கிட வேண்டியிருந்தது. அந்த ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் தந்தது. பள்ளத்துக்காக நகராத ஃபைல் கடைக்காக எவ்வளவு வேகமாக நகர்ந்தது பாருங்கள்.

போராட்டம் பலிக்குமா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் சேற்றுச் சாலையில் நாற்று நடுவார்கள். படம் பேப்பரில் வரும். பேச்சுவார்த்தைக்கு வருவது தாசில்தாரும் இன்ஸ்பெக்டரும். அந்த இருவர் துறைக்கும் ஒரு அடி சாலைகூடக் கிடையாது! இரண்டு வாரத்தில் சரி செய்வதாக அவர்கள் எழுதிக் கொடுப்பதற்கு சாலைத் துறைக்காரர் கட்டுப்பட்டவர் இல்லை. கிராவல் கொட்டுவார்கள், அடுத்த மழைக்குப் போய்விடும்.

நான் மனு எழுத வருபவர்களுக்குச் சொல்வது வேறு. பள்ளத்தைப் பற்றி எழுதாதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். முதலில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். மேலே மஞ்சள் அடித்திருந்தால் தேசியம், பச்சை அடித்திருந்தால் மாநிலம். (மஞ்சள் கல்லைப் பிடுங்க யாரும் அவசரப்படுவதில்லை, அதனால் கல்லை மட்டும் நம்ப வேண்டாம்.) அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று அலுவலகங்களுக்கும் தனித்தனியாக மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான். மத்திய அலுவலகத்துக்கு ஆன்லைனிலேயே போடலாம், மாநில அலுவலகத்துக்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். இன்ன கிலோமீட்டரிலிருந்து இன்ன கிலோமீட்டர் வரை பராமரிப்பது யார், ஒப்படைத்த கடிதத்தின் நகல் எங்கே, ஒப்படைக்கவில்லை என்றால் கடைசியாக யார் யாருக்கு எழுதிய கடிதத்தில் நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள். ‘ஏன் சாலை போடவில்லை’ என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பதில்கள் கையில் வந்ததும் மூன்றையும் சேர்த்துப் பின் அடித்து, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் கலெக்டருக்குக் கொடுத்துக் கூட்டு ஆய்வு கேளுங்கள். நகராட்சி, மாநிலம், ஆணையம் என்று எல்லாரும் ஒரே மேஜையில் உட்காருவது அங்கேதான். விபத்து நடந்த இடமாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவையும் ஒரு வரி எழுதுங்கள். பாதுகாப்பு விதிமுறைப்படி சாலையை வைத்திருக்காத அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அது இடம் தருகிறது. 2019 திருத்தத்தில் வந்தது. அதைப் படித்தால் அதிகாரிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவதை மனு கொடுத்தவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

வழக்குத்தான் போட வேண்டும் என்ற நிலை வந்தால், பள்ளம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குள் வருகிறது, திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னைக்குள் வருகின்றன. ஒரே தஞ்சை–நாகை சாலைதான். ஆனால் அம்மாபேட்டையில் இருக்கும் பள்ளத்துக்கு மதுரைக்குப் போக வேண்டும், நீடாமங்கலத்தில் இருக்கும் பள்ளத்துக்குச் சென்னைக்குப் போக வேண்டும்.