காயப்பட்டவங்களுக்காக வழக்காடுற வேலை: உங்கட கேள்விகள், என்ட பதில்கள்

கேள்வி: ஏ.எல். முடிச்சிட்டேன். அமெரிக்காவில இருக்கிற மாதிரி விபத்து கேஸ் மட்டும் செய்யிற லோயரா கொழும்புல வரலாமா? (வெள்ளவத்தை)

பதில்: வரலாம் தம்பி, ஆனா அது மட்டும் எண்டு இருந்தா ஆரம்பத்துல வாடகைக்கே காணாது. சட்டக் கல்லூரி முடிச்சு, ஒரு சீனியரிட்ட அப்ரென்டிஸ் இருந்து, சுப்ரீம் கோர்ட்டில சத்தியப்பிரமாணம் எடுத்துட்டு கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடைப் பக்கம் வந்து நிண்டா காணி, விவாகரத்து, செக் கேஸ் எல்லாம் கலந்துதான் வரும். அங்க மாதிரி கேஸ் வெண்டா நட்டஈட்டுல மூணுல ஒரு பங்கு எண்டு எடுக்கிற பிழைப்பும் இங்க பெரிசா இல்ல, பெரும்பாலும் கேஸ் கூப்பிடுற ஒவ்வொரு தவணைக்கும்தான் ஃபீஸ்.

கேள்வி: ஓட்டோ அடிச்சு கால் முறிஞ்சு ஒண்டரை வருஷம். இன்சூரன்ஸ்காரர் பேசித் தீர்ப்பம், பொறுங்க எண்டு சொல்றார். பொறுக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: பொறுக்க வேணாம்! 1871ஆம் ஆண்டு காலாவதிச் சட்டப்படி காயத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போட உங்களுக்கு இருக்கிறது 2 வருஷம்தான், அவர் பேசிட்டு இருக்கிறார் எண்டு அது நீளாது. மாவட்ட நீதிமன்றத்துல கேஸ் போட முன்னமோ போட்டு 7 நாளுக்குள்ளயோ இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நோட்டீஸும் போகணும், இல்லாட்டி தீர்ப்பு கிடைச்சும் கம்பெனி கை விரிக்கும். பொலிஸ் என்ட்ரி, கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே எல்லாத்தையும் இண்டைக்கே ஒரு ஃபைல்ல போடுங்க. என்னட்ட ஒரு அம்மா சீலைக்கடை பேக் நிறைய பார்மசி பில் கொண்டு வந்தா, பாதி வெறும் வெள்ளைத் தாள், அந்த மெஷின் பில்லுல எழுத்து நிக்காதே, ஒரு வருஷத்துக்குள்ள எல்லாம் அழிஞ்சு போச்சு. வாங்கின அண்டைக்கே போட்டோகொப்பி அடிச்சு வைங்க.

கேள்வி: கட்டட வேலை சைட்ல, ஏறி நிண்டு வேலை செய்யிற சாரத்தில இருந்து விழுந்துட்டேன், பாஸ் கையில கொஞ்சம் காசு தந்தார். இன்னும் கேக்கலாமா? (வத்தளை)

பதில்: உங்களுக்கு வேற வழி. 1934ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்துல அந்த நட்டஈட்டைத் தீர்மானிக்கிற ஆணையாளரிட்ட போகலாம், முதலாளிட பிழை எண்டு காட்டத் தேவையில்ல. வெத்துத் தாள்ல மட்டும் சைன் வைக்காதீங்க.

கேள்வி: டொக்டர்ட கவலையீனத்துக்கு கேஸ் போட்டா வெல்லலாமா?

பதில்: கஷ்டம். ஒரு பிள்ளை செத்ததுக்காக குழந்தை வைத்தியர் பேராசிரியர் பிரியானி சொய்சா மேல போட்ட வழக்குல மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் குடுக்கச் சொல்லிச்சு, கடைசியில 2001ல சுப்ரீம் கோர்ட்டில ஒண்டும் கிடைக்கல்ல. டொக்டர் பிழை விட்டார் எண்டு காட்டினா மட்டும் காணாது, அந்தப் பிழையாலதான் உயிர் போச்சு எண்டும் நிரூபிக்கணும். அதைச் சொல்ல இன்னொரு டொக்டர் கூண்டுல ஏறணும், ஆளைத் தேடிப் பாருங்க, அப்ப விளங்கும்.